மூட் அவுட் நாளுக்கு ஒரு சின்ன லிஸ்ட்

"மச்சி, மூட் அவுட்டா இருக்குடா. நீங்க போங்க, நான் வரல."

ஹாஸ்டலில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த வசனம் காதில் விழும். சைக்கிள் டெஸ்ட் மார்க் வந்த அன்று, ப்ளேஸ்மென்ட் ஷார்ட்லிஸ்ட்டில் பேர் இல்லாத அன்று, வீட்டிலிருந்து ஒரு மாதிரியான போன் வந்த அன்று. சில சமயம் எந்தக் காரணமும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சொன்னவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ராத்திரி மெஸ்ஸுக்கு வர மாட்டார். மறுநாள் முதல் ஹவர் கிளாஸும் போகும்.

போன இதழ்களில் படிப்பு, புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் பற்றியெல்லாம் நிறைய பேசிவிட்டோம். இந்தத் தடவை அந்தப் போர்வைக்குள் இருக்கும் நேரத்தைப் பற்றிப் படிப்போம். சின்னச் சின்ன ஆறுதல்கள் மனசைத் தூக்கி நிறுத்தும் என்று பாட்டி சொன்னால் சிரிப்போம். அதே விஷயத்தை உளவியல்காரர்கள் ஐம்பது வருஷமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, நம்ம திருச்சியில் அதற்கு என்னென்ன கிடைக்கும், எந்த இடத்தில் அது போதாது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. போர்வைக்குள் ஓடும் லூப்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு பாசிட்டிவ் ஃபீட்பேக் தெரிந்திருக்கும். பேரில் பாசிட்டிவ் இருக்கே என்று ஏமாந்துவிடக் கூடாது. அவுட்புட் திரும்பி வந்து இன்புட்டை அதே திசையில் இன்னும் தள்ளிவிடும், அவ்வளவுதான் அர்த்தம். கல்ச்சுரல்ஸ் மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கீ...' என்று கத்துமே, அதுதான் இது.

மனச்சோர்விலும் இதே கதைதான் என்று 1970-களில் விளக்கினார் பீட்டர் லூயின்சன். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியல் பேராசிரியர். அவர் சொன்னதை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி வரும்: மனசு சோர்ந்தால் நாம் செய்வது குறையும். செய்வது குறைந்தால் அதிலிருந்து கிடைக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்களும் நின்றுபோகும். விளையாட்டு இல்லை, அரட்டை இல்லை, சூடாக ஒரு டீ இல்லை. சந்தோஷம் கிடைக்காத மனசு இன்னும் சோரும். இன்னும் சோர்ந்தால் இன்னும் குறைவாகச் செய்வோம். லூப் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த லூப்பை எங்கே வெட்டுவது? "சந்தோஷமா இரு" என்று மனசுக்குக் கட்டளை போட முடியாது. மனநிலை நேராகத் திருகக்கூடிய குமிழ் இல்லை. ஆனால் எழுந்து குளிப்பது, மாடிக்குப் போவது, ஒருவருக்கு போன் போடுவது இதெல்லாம் கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் நம் கையில் இருக்கிறது. ஸ்டேட்டை நேராக மாற்ற முடியாத சிஸ்டத்தில் இன்புட்டை மாற்றிப் பார்ப்போம் இல்லையா, அதே வேலைதான். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பேர். 'செயலைத் தூண்டும் முறை' என்று சொல்லலாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நாம் எல்லாரும் "மூட் வரட்டும், அப்புறம் எழுந்துக்கலாம்" என்று காத்திருக்கிறோம். இந்த முறை அதைத் தலைகீழாக்குகிறது. முதலில் எழுந்திரு, மூட் கொஞ்சம் லேட்டாகப் பின்னாடி வரும்.

2. 320 சின்ன விஷயங்கள்

லூயின்சன் சும்மா தத்துவம் சொல்லிவிட்டுப் போகவில்லை. டக்ளஸ் மேக்ஃபிலமி என்பவருடன் சேர்ந்து 320 வரிகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார். மனிதருக்கு இன்பம் தரக்கூடிய நிகழ்ச்சிகளின் பட்டியல். உலகச் சுற்றுலா ரேஞ்சுக்கு எதிர்பார்க்காதீர்கள். சிரிப்பது, நண்பர்களோடு காபி குடிப்பது, இயற்கையின் சத்தத்தைக் கேட்பது என்று சாதாரண விஷயங்களும் அதில் நிறைய உண்டு.

ஒவ்வொரு வரிக்கும் இரண்டு மார்க். போன 30 நாளில் இதை எத்தனை செய்தாய்? இது உனக்கு எவ்வளவு பிடிக்கும்? இரண்டுக்கும் 0, 1, 2 என்று போட வேண்டும். இரண்டையும் பெருக்கினால் அந்த விஷயத்திலிருந்து உண்மையில் எவ்வளவு சந்தோஷம் கிடைத்தது என்று தெரியும். 'பிடிக்கும்: 2, செய்தது: 0' என்று நிறைய வரிகள் வந்தால் எங்கே ஓட்டை என்று புரிந்துவிடும்.

இதை இப்போதே மனசுக்குள் போட்டுப் பாருங்கள். ஃபர்ஸ்ட் இயரில் தினமும் ஷட்டில் ஆடியவர் கடைசியாக எப்போது பேட்டைத் தொட்டார்? கீபோர்டு வாசித்தவர்? படம் வரைந்தவர்? "டைம் இல்லை" என்று விட்டது பல. அவை ஒவ்வொன்றும் நம்மைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரு தூண் என்பது விட்ட பிறகுதான் தெரிகிறது.

3. கோவாவில் பரிசோதித்தார்கள்

இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குச் சரி, நம்ம ஊருக்கு ஒத்துவருமா? கேட்க வேண்டிய கேள்விதான். மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் கோவாவின் சங்கத் அமைப்பும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், ஓரளவு கடுமையான மனச்சோர்விலிருந்து மிகக் கடுமையானது வரை இருந்த 495 பேர் இதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையைக் கொஞ்சம் மேம்படுத்திக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு அதோடு 6 முதல் 8 அமர்வுகள் கூடுதலாக. அதில் பிரதானமாக இருந்தது செயலைத் தூண்டும் முறைதான். தூக்கம், உறவுகள், அன்றாடப் பிரச்சினைகளைத் தீர்ப்பது இவையும் கூட இருந்தன.

அந்த அமர்வுகளை நடத்தியவர்கள் டாக்டர்களோ உளவியல் பட்டதாரிகளோ இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண உள்ளூர் ஆட்கள். மூன்று மாதம் கழித்து அளந்தபோது, இந்த அமர்வுகளுக்கு வந்தவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது.

இதிலிருந்து இரண்டு பாடம். சின்னச் செயல்களுக்கு நிஜமான பலம் இருக்கிறது. அதோடு, பக்கத்தில் ஒரு ஆள் இருந்து "நேத்து சொன்னியே, செஞ்சியா?" என்று கேட்கும்போது அந்தப் பலம் கூடுகிறது.

4. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு லிஸ்ட்

1820 பிப்ரவரியில் இங்கிலாந்தில் சிட்னி ஸ்மித் என்ற பாதிரியார், மனம் சோர்ந்திருந்த ஜார்ஜியானா மார்பெத் என்ற தோழிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இருபது யோசனைகள். கொஞ்சம் சில்லென்ற தண்ணீரில் குளி, சிரிக்க வைக்கும் புத்தகம் படி, வாழ்க்கையை ரொம்ப தூரத்துக்கு எட்டிப் பார்க்காதே, அடுத்த வேளைச் சாப்பாடு வரைக்கும் யோசித்தால் போதும், சோர்வை நண்பர்களிடம் மறைக்காதே, காபியும் டீயும் உன்னை என்ன செய்கிறது என்று கவனி என்ற ரீதியில் போகும். நடுவில் கிண்டலும் உண்டு.

ப்ளேஸ்மென்ட் சீசனில் 'அடுத்த வேளைச் சாப்பாடு வரைக்கும்' என்ற யோசனைக்கே கோவில் கட்டலாம். நாளைக்கு இன்டர்வியூ, அடுத்த மாதம் செமஸ்டர், அப்புறம் எஜுகேஷன் லோன் என்று ஒரே மூச்சில் முப்பது வயசு வரைக்கும் யோசித்தால் யாருக்கும் படுக்கையிலிருந்து எழத் தோன்றாது.

5. நம்ம ஊரில் படித்த ஒரு சீனியர்

அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அப்புறம் சென்னை எம்.ஐ.டி. அவருடைய கனவு விமானி ஆவது. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் 9-வது இடம். எடுத்துக்கொண்டது 8 பேரை. ஒரே ஒரு இடத்தில் கனவு போனது. ஷார்ட்லிஸ்ட்டில் பேர் இல்லாத நமக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

அன்று அவர் என்ன செய்தார் என்பதை 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். ரிஷிகேஷுக்குப் போனார். கங்கையில் குளித்தார். சிவானந்தர் ஆசிரமத்துக்கு நடந்து போய் சுவாமியைச் சந்தித்து, மனசில் இருந்ததைச் சொன்னார். பிறகு டெல்லி போய் 1958-ல் பாதுகாப்புத் துறையில் வேலையில் சேர்ந்தார்.

இதை 'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' கதையாகப் பலர் சொல்வார்கள். அந்த ஒரு நாளை மட்டும் பிரித்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். நடை, தண்ணீர், பேச ஒரு மனிதர். அடுத்த இருபது வருஷத்துக்கான திட்டம் எதையும் அவர் அன்று போடவில்லை.

6. திருச்சி லிஸ்ட்

இனி நம்ம லிஸ்ட். நேரத்தை வைத்துப் பிரித்திருக்கிறேன். ரொம்ப சோர்வாக இருக்கும் நாளில் முதல் வரிசைக்கு மேல் போக வேண்டாம்.

*ஐந்து நிமிஷம், செலவில்லை:* முகம் கழுவுங்கள். ஜன்னலைத் திறங்கள். பெட்ஷீட்டை மாற்றுங்கள். நகம் வெட்டுங்கள். மாடிக்குப் போய் வானத்தைப் பாருங்கள். அம்மாவுக்கோ தங்கைக்கோ போன் போட்டு, "என்ன சமையல்?" என்று கேளுங்கள். பெரிய விஷயம் பேச வேண்டியதில்லை, வத்தக்குழம்பு என்று ஒரு குரல் சொல்வதே போதும்.

*அரை மணி நேரம்:* பக்கெட்டில் தண்ணீர் பிடித்து தலைக்குக் குளிப்பது. சேர்ந்துபோன துணியைத் துவைத்துக் கொடியில் காயப்போடுவது. துணி துவைப்பதில் ஒரு நல்லது உண்டு: செய்து முடித்தது கண்ணுக்கு முன்னால் வரிசையாகத் தொங்கும். கேரம் ஒரு போர்டு. ஏற்கெனவே படித்துச் சிரித்த ஒரு சிறுகதையை மறுபடி படிப்பது. சோர்ந்த மூளைக்குப் புதுப் புத்தகம் பாரம், தெரிந்த கதை சுலபம். சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' இதற்குப் பொருத்தம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, செயின்ட் ஜோசப்பில் படித்து, எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரானவர். அந்த வகையில் அவரும் நமக்கு சீனியர்தான்.

*ஒரு சாயங்காலம்:* சத்திரம் பஸ் ஸ்டாண்டில் 1-ம் நம்பர் பஸ் ஏறி ஜன்னல் சீட்டில் உட்காருங்கள். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் முகத்தில் அடிக்கும் காற்று இருக்கிறதே, அதற்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கி உட்காரலாம். மேட்டூர் திறந்திருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் மணல். இரண்டையும் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள். நீங்களும் ஒருவர், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அங்கிருந்து ராஜகோபுரம் நடக்கும் தூரம்தான். 13 நிலை, 236 அடி. இன்று இவ்வளவு கம்பீரமாக நிற்கிறதே, சில நூற்றாண்டுகள் அது பாதியில் நின்றுபோன மொட்டைக் கோபுரமாகத்தான் இருந்தது. 1987-ல்தான் கட்டி முடித்தார்கள். அரியர் வைத்திருப்பவர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வரவும்! சாமி கும்பிடுகிற பழக்கம் இல்லாதவர்களும் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் ஒரு சுற்று நடக்கலாம். வாசலில் கோலம், திண்ணையில் அரட்டை, டபராவில் காபி. திரும்பும் வழியில் திருவானைக்காவலில் நெய் தோசை.

இந்தப் பக்கம் மலைக்கோட்டை. படி ஏறும்போது மூச்சு வாங்கும், அந்த நேரத்தில் மூளை வேறு எதையும் யோசிக்காது. உச்சிப் பிள்ளையார் கோவிலிலிருந்து பார்த்தால் காவிரி, தீவாக ஸ்ரீரங்கம், தீப்பெட்டி சைஸில் பஸ்கள். நம் பிரச்சினை சின்னதாகிவிடும் என்று சொல்லவில்லை. அதைத் தவிர வேறு விஷயங்களும் ஊரில் நடந்துகொண்டிருக்கின்றன என்று தெரியும்.

*அரை நாள்:* ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. சுமார் 25 ஏக்கர், 2015-ல் திறந்தது. இல்லாவிட்டால் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு. இந்த வரிசைக்குத் தனியாகப் போகாதீர்கள். துணைக்கு ஒருவரை இழுத்துக்கொண்டு போங்கள். இரண்டு இடத்திலும் தண்ணீரை வேடிக்கை மட்டும் பாருங்கள், இறங்க வேண்டாம்.

7. எது ஆறுதல், எது ஏமாற்று?

ரீல்ஸ் பார்ப்பதும் சுலபம்தானே, அதையும் லிஸ்ட்டில் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்பார். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. செய்வதற்கு முன்னால் மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மார்க் போடுங்கள். முடித்து அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒரு மார்க். குளித்ததற்கு 3-லிருந்து 4 வரலாம். ராத்திரி இரண்டு மணி வரை ஸ்க்ரோல் செய்ததற்கு 3-லிருந்து 2 வரலாம். ஒரு வாரம் குறித்து வைத்தால் உங்களுக்கு எது வேலை செய்கிறது என்று உங்கள் டேட்டாவே சொல்லிவிடும். செய்கிற நேரத்தில் இனித்து, முடிந்ததும் காலி செய்துவிட்டுப் போவது ஆறுதல் இல்லை. குடியும் இந்தக் கணக்கில்தான் வரும். அன்றைக்கு மறக்க வைக்கும், மறுநாள் சேர்த்து வாங்கிவிடும்.

3-லிருந்து 4 தானா என்று நினைக்காதீர்கள். லூப் திரும்புவதற்கு அந்த ஒரு மார்க் போதும். 4-ல் இருப்பவருக்கு மெஸ் வரை போகத் தோன்றும். மெஸ்ஸில் யாராவது ஒரு ஜோக் அடிப்பார்கள்.

இன்னொன்று, சின்னதாக வையுங்கள். "நாளையிலிருந்து தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து அஞ்சு கிலோமீட்டர் ஓடுவேன்" என்று சோர்ந்த நாளில் சபதம் எடுத்தால், மூன்றாம் நாள் தவறும், அதற்கும் சேர்த்து நம்மையே திட்டிக்கொள்வோம். "ஷூவைப் போட்டுக்கிட்டு கேட் வரைக்கும்" என்பது போதும். கேட்டுக்குப் போனவர் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் நடப்பார். நடக்காவிட்டாலும் சொன்னதைச் செய்தாயிற்று.

8. ரூம்மேட் போர்வைக்குள் இருந்தால்

"சியர் அப் மச்சி", "இதுக்கெல்லாமா ஃபீல் பண்ணுவ?" இந்த இரண்டும் வேண்டாம். அவரால் முடிந்தால் அவரே செய்திருப்பார். "எங்காவது போலாமா?" என்ற கேள்வியும் உதவாது, எங்கே என்று யோசிக்கவே அவருக்குத் தெம்பு இருக்காது. "டீ குடிக்கப் போறேன், வா. செருப்பு போடு, போதும்" என்பது வேலை செய்யும். வரவில்லையா, ஒரு பார்சல் வாங்கி வந்து வையுங்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்பது நம்ம ஊரின் மிகப் பழைய கவுன்சலிங். அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பதும் உதவிதான்.

9. லிஸ்ட் போதாத இடம்

இதைத் தாவிப் படிக்காதீர்கள். சோர்ந்த மனநிலை வரும், போகும். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட தினமும் அப்படியே இருந்தால் அது வேறு. தூக்கமும் பசியும் மாறிப்போவது, முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல் போவது, கவனம் நிற்காதது, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் விடாமல் சுற்றுவது, இவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் ஆகும். காலில் எலும்பு முறிந்தால் "ஒரு காபி குடி சரியாயிடும்" என்று சொல்ல மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். காலேஜ் கவுன்சலரையோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ பார்க்க வேண்டும்.

'இருந்து என்ன பண்ணப் போறேன்' என்ற எண்ணம் வந்தால், அன்றே, அப்போதே யாரிடமாவது சொல்லுங்கள். ரூமில் தனியாக இருக்க வேண்டாம். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. நண்பர் அப்படி ஏதாவது சொன்னால், ரகசியம் என்று சத்தியம் வாங்கினாலும் அதைக் காப்பாற்றாதீர்கள். வார்டனிடமோ நம்பும் ஒரு ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. அவர் இருப்பார்.

10. வீட்டுப்பாடம்

மூட் நன்றாக இருக்கும் நாளில்தான் இந்த லிஸ்ட்டை எழுத வேண்டும். சோர்ந்த நாளில் எதுவும் தோன்றாது. இன்றைக்கே ஒரு ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிசையில் ஐந்து நிமிஷத்தில் முடியும் ஆறு விஷயம். இரண்டாவதில் அரை மணி நேர விஷயம் நான்கு. மூன்றாவதில் வெளியே போகும் இடம் இரண்டு. கீழே, ராத்திரி பதினோரு மணிக்கும் தயங்காமல் கூப்பிடக்கூடிய இரண்டு பேரின் நம்பர். அதற்கும் கீழே 14416.

எழுதியதை போனுக்குள் வைக்காதீர்கள், போனைத் திறந்தால் ரீல்ஸ் முந்திக்கொள்ளும். கப்போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த தடவை "நான் வரல, நீங்க போங்க" என்று சொல்லத் தோன்றும்போது, கப்போர்டைத் திறந்து முதல் வரிசையில் ஏதோ ஒன்றை மட்டும் செய்யுங்கள். உங்கள் லிஸ்ட்டில் இங்கே சொல்லாத நல்ல வரி ஏதாவது இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். பேர் போடாமலும் அனுப்பலாம். அடுத்த இதழில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.